வயிற்றில் பிள்ளை, வாசலில் சண்டை

(திண்டிவனத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நோட்டீஸில் 'குடும்ப நலம்' என்று மட்டும்தான் போட்டிருந்தோம். விஷயத்தை முழுதாகப் போட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். மீதிப் பேர் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் பேச வந்தது, கணவனோடு ஒத்துவராமல் வீட்டில் தினம் சண்டை நடக்கிற நேரத்தில், நினையாமல் கரு தங்கிவிடுகிற பெண்களைப் பற்றி. நம் அலுவலகத்துக்குத் தலாக், குலா, ஜீவனாம்சம் என்று வரும் மனுக்களைப் பிரித்துப் பேசினால், உள்ளே பல நேரம் இந்த விஷயம்தான் இருக்கிறது. அதை யாரும் மனுவில் எழுதுவதில்லை. மூன்றாவது தடவை வரும்போதுதான், கூட வந்த நன்னியோ பெரியம்மாவோ மெதுவாகச் சொல்கிறார்கள்: "பாய், அவ முழுகாம இருக்கா."

ஷாயரா பானு என்ற பெயரை இங்கே எல்லோரும் கேட்டிருப்பீர்கள். உத்தராகண்ட் மாநிலம் காசிப்பூரைச் சேர்ந்த பெண்மணி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். 2015 அக்டோபரில் அவருடைய கணவர் ஒரே தாளில் மூன்று தலாக்கையும் எழுதி அனுப்பினார். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு 2019-இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் அரசியலைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. நானும் பேசியிருக்கிறேன், இன்றைக்கு அது வேண்டாம்.

அந்தப் பெண்மணி சொன்ன இன்னொரு விஷயம் இருக்கிறது. தன்னைப் பல முறை கருக்கலைப்புக்குக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார். அது அவருடைய குற்றச்சாட்டு. நீதிமன்றம் அதைத் தனியாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, வழக்கு தலாக்கைப் பற்றியது. ஆனால் நாடு முழுக்க வாதாடிய நம்மில் எத்தனை பேர் அந்த வரியில் நின்றோம்? தலாக் சொன்னது சரியா தவறா என்று மாதக்கணக்கில் பேசினோம். ஒரு முஸ்லிம் பெண்ணின் வயிற்றில் வளர்ந்ததை அவள் விருப்பமில்லாமல் கலைக்கச் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டைச் செய்தித்தாளில் படித்துவிட்டு அப்படியே பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.

நம் ஊர்ப் பக்கம் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பெயரும் தெருவும் சொல்லமாட்டேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கணவன் வளைகுடாவில் வேலை. இரண்டு மாத லீவில் வந்தான். கைப்பிள்ளைக்கு எட்டு மாதம். வந்த நாளிலிருந்து சண்டை. நகையை விற்றது, தம்பிக்குப் பணம் அனுப்பியது, மாமியாரைப் பேசியது என்று ஒன்று மாற்றி ஒன்று. விமானம் ஏறும்போது பேச்சுவார்த்தையே இல்லை. அவன் போன ஆறாவது வாரம் இவளுக்கு வாந்தி.

மாமியார் சொன்னது: "என் மவன் உன்னை வச்சிக்கிறதா இல்லையான்னே தெரியல, இதுல இன்னொண்ணா? கலைச்சிடு." பெண்ணின் தாயார் சொன்னதும் அதேதான், காரணம் மட்டும் வேறு. "ரெண்டு புள்ளையோட வந்தா உன்னை நாளைக்கு யாரு கட்டிக்குவா?" வாட்ஸப்பில் கேட்டதற்குக் கணவன் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "உங்க இஷ்டம்" என்று போட்டான். அத்தா பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை பேரில் ஒருவர்கூட அவளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்கவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் யாரோ சொல்லி, ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கிப் போட்டாள். நாலு நாள் ரத்தம் நிற்கவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மசாலாவெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், உயிர் போனால் திரும்பாது. அது டாக்டர் பரிசோதித்து, எத்தனை வாரம் என்று கணக்குப் பார்த்து, கூட இருந்து கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. சிலருக்குக் கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கும். அவர்களுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். மாத்திரை போட்ட ரத்தம்தான் என்று வீட்டில் படுத்துக்கொண்டிருப்பாள். நாள் அதிகமான பிறகு போட்டால் பாதி கலைந்து பாதி உள்ளே நின்று சீழ் பிடிக்கும். ஹலாலா ஹராமா என்ற கேள்விக்கு முன்னால், ஒரு பெண்ணைத் தனியாக அந்தக் கடை வாசலுக்குத் துரத்தியது யார் என்ற கேள்வி நிற்கிறது.

இனி மார்க்கம். மதரஸாவில் ஓதியிருக்கிறேன் என்றாலும் நான் ஃபத்வா கொடுப்பவன் அல்லன். ஹஜ்ரத் இங்கேயே இருக்கிறார்கள், தனித்தனி நிலைமைக்கு அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாக எல்லா உலமாக்களும் சொல்வதை மட்டும் சொல்கிறேன். வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று பனீ இஸ்ராயீல் சூராவின் 31-ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். கரு 120 நாளைத் தாண்டிவிட்டால், தாயின் உயிரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் தவிர அதைக் கலைப்பது கூடாது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்று. ரூஹ் ஊதப்படுவது பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்தான் அதற்கு அடிப்படை.

அந்த 120 நாளுக்கு முன்னால் என்ன நிலை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கரு தங்கிய நாளிலிருந்தே அதைக் கலைப்பது குற்றம்தான், நாளாக நாளாகக் குற்றம் கனமாகிறது என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. நம் ஹனஃபி மத்ஹபில் தகுந்த காரணம் இருந்தால் அனுமதிப்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பிள்ளைக்குப் பால் வற்றிப்போய், வேறு பாலூட்ட வழியில்லாமல் அந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையை உதாரணமாக இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள். கவனியுங்கள், அங்கே காரணமாகச் சொல்லப்படுவது இன்னோர் உயிர். 'மாமியாருக்குப் பிடிக்கவில்லை', 'மறுமணத்துக்கு இடைஞ்சல்' என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் குழம்புகிறார்கள். டாக்டர் வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு தங்குவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே மார்க்கம் சொல்லும் 120 நாள் என்பது ஸ்கேன் சீட்டில் ஏறக்குறைய 19 வாரம் என்று இருக்கும். ஹஜ்ரத்திடம் போகும்போது அந்தச் சீட்டையும் டாக்டரின் குறிப்பையும் கையோடு கொண்டு போங்கள். 'நாலு மாசம் இருக்கும்னு நெனைக்கிறேன்' என்று சொன்னால் அவர்கள் எதை வைத்துப் பதில் சொல்வார்கள்?

நாட்டின் சட்டம் வேறு எல்லை வைத்திருக்கிறது. 1971-ஆம் வருடச் சட்டம், 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின் பேரிலும், 20-லிருந்து 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தின் பேரிலும் செய்யலாம். கர்ப்பமாக இருக்கும்போதே விதவையானவளும் விவாகரத்தானவளும் அந்த வகையில் வருகிறார்கள். 2022 செப்டம்பரில், திருமணம் ஆகாத பெண்களையும் அதிலிருந்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கத்தில் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணாக இருந்தால் அவள் ஒருத்தியின் சம்மதம் மட்டுமே போதும், அது இல்லாமல் யாரும் தொடக்கூடாது. கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாமியாரின் சம்மதத்துக்கு அங்கே இடமே இல்லை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைக்க வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பாலில் கலந்து கொடுத்தேன், பப்பாளி கொடுத்தேன் என்று பெருமையாகப் பேசும் வீடுகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது தலாக்குக்கு வருகிறேன். கர்ப்பிணிக்குத் தலாக் சொன்னால் அது விழாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. திண்டிவனத்திலும் கேட்டிருக்கிறேன், செஞ்சியிலும் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல, விழும். ஆனால் அப்படிச் சொன்னவனுக்கு என்னென்ன கடமை விழுகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. சூரத்துத் தலாக்கின் முதல் ஏழு வசனங்களை இன்றைக்கு இரவு தர்ஜமாவோடு ஒரு தடவை ஓதிப் பாருங்கள். கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை. அதுவரை அவளை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. தான் வசிக்கும் இடத்தில் தன் வசதிக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும், நெருக்கடி கொடுத்துத் துன்புறுத்தக் கூடாது. பிரசவிக்கும் வரை செலவு அவனுடையது. பிறந்த பிறகு அவள் பால் கொடுத்தால் அதற்கும் அவன் கூலி கொடுக்க வேண்டும்.

நம் வழக்கம் இதற்கு நேர்த் தலைகீழ். சண்டை முற்றியது என்றால் அன்றைக்கே பெண்ணை ஆட்டோவில் ஏற்றித் தாய்வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு வசதியாக நமக்கு ஒரு சடங்கும் இருக்கிறது. ஏழாம் மாதம் அழைத்துப் போவது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது. பாசத்துக்காக வந்த வழக்கம், நல்லது. ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் பல பெண்கள் வெளியேற்றப்படுகிறார்கள். ஏழாம் மாதம் போனவளை அழைத்து வர யாரும் போவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, ஆபரேஷன் செலவு, நாற்பது நாள் செலவு, அகீகா வரை பெண்ணின் அத்தா தலையில். பகரா சூராவின் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவும் உடையும் பிள்ளையின் தகப்பன் மீது கடமை என்கிறது. மாமனார் மீது என்று எங்கும் இல்லை. பெண்ணைப் பெற்றவர் விரும்பிச் செய்தால் அது ஸதகா. அதைக் கடமையாக்கி, செய்யவில்லை என்று குத்திக்காட்டுவதற்குப் பெயர் வேறு.

அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையைப் பால் மறக்கடிப்பதைக்கூடக் கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி, இருவரும் பொருந்தி முடிவு செய்யச் சொல்கிறது. பால் மறக்கடிப்பதற்கே மஷூரா என்றால், இத்தனை பெரிய விஷயத்தில் 'உங்க இஷ்டம்' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள அந்த மாப்பிள்ளைக்கு இடம் எங்கே இருக்கிறது? கருப்பையில் அல்லாஹ் படைத்ததை மறைப்பது பெண்ணுக்கு ஆகாது என்று 228-ஆம் வசனம் சொல்வதை மட்டும் நாம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். அவள் ஏன் மறைக்கிறாள் என்று கேட்பதில்லை. சொன்னால் அடி விழும் என்று தெரிந்தவள் மறைக்கத்தான் செய்வாள்.

எனக்குக் கசப்பான ஒரு சந்தேகமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தலாக் மனு கொடுக்கும் சில மாப்பிள்ளை வீட்டார் கலைக்கச் சொல்லி அவசரப்படுத்துவது ஏன்? 1986-ஆம் வருட முஸ்லிம் பெண்கள் சட்டத்தில், கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை அல்லது கர்ப்பம் முடியும் வரை என்று இருக்கிறது. கர்ப்பம் முடிந்தால் இத்தாவும் முடிந்தது. பிள்ளை பிறந்தால் அதற்கும் கொடுக்க வேண்டும். கலைத்துவிட்டால் கணக்கு சுருக்கமாக முடிந்துவிடுகிறது. இப்படி நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் செய்கிறார்கள்.

ஆகவே உரிமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் கவனமாகக் கேளுங்கள். 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், இத்தா காலத்துக்குள்ளேயே அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்து கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் மேஜர் ஆகும் வரை என்பது 1997-லேயே நூர் சபா காத்தூன் வழக்கில் தீர்ந்துபோன விஷயம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுவான ஜீவனாம்சப் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-ஆம் தேதி தெலங்கானாவிலிருந்து போன அப்துல் ஸமது வழக்கில் மறுபடியும் உறுதியானது. அடித்து வெளியே தள்ளினால், 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையைக் கேட்கலாம். வக்கீல் ஃபீஸ் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்ணுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

குலா கேட்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜமாஅத்தில் பேசி முடித்தாலும் அதையும் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குப் பாஸ்போர்ட்டிலும் மறுமணத்திலும் சிக்கல்.

ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தலாக் விஷயம் உங்களிடம் வந்தால், முதல் அமர்விலேயே ஒரு பெண்ணை வைத்து, மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். ஆம் என்றால், அவள் எங்கே தங்கப் போகிறாள், மாதச் செலவுக்கு எவ்வளவு, பிரசவச் செலவு யார் என்ற மூன்றையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு மற்றதைப் பேசுங்கள். இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு நடுவரை வைக்கச் சொல்லும் நிஸா சூராவின் 35-ஆம் வசனத்தை நிக்காஹ் மேடையில் அழகாக ஓதுகிறோம், பஞ்சாயத்தில் மறந்துவிடுகிறோம். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வீடியோவில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கல்யாணத்துக்கு லைவ் போடத் தெரிந்த நமக்கு இது தெரியாதா? ஒன்பது மாதம் என்பது கோபம் ஆற நல்ல அவகாசம். சில குடும்பங்கள் அந்த அவகாசத்தில் சேர்ந்திருக்கின்றன. அதே நேரம், அடிக்கிறவனிடம் 'பிள்ளை பிறந்தா சரியாயிடுவான்' என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை பிறந்து திருந்தியவனைவிட, வயிற்றோடு இருக்கும்போது உதைத்தவனைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அவளை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை. 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். மாவட்டத்தில் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, தங்க இடமும் போலீஸ் உதவியும் அங்கே சேர்ந்து கிடைக்கும்.

நிக்காஹ் ஆகாத பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டால் என்ற கேள்வி திரைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஜுஹைனா கோத்திரத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். விபச்சாரத்தால் கர்ப்பமானேன் என்று அவளே வந்து ஒப்புக்கொண்டாள். நபி (ஸல்) அவர்கள் முதலில் செய்தது, அவளுடைய பொறுப்பாளரை அழைத்து, பிரசவம் வரை இவளிடம் நல்லபடியாக நடந்துகொள் என்று சொன்னதுதான். தவறு செய்தவளுக்கே இந்த உத்தரவு. நாம் முதலில் செய்வது அடி, இரண்டாவது அறையில் பூட்டுவது, மூன்றாவது எவனாவது ஒருவனுக்கு அவசரமாக நிக்காஹ். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையாக இருந்தால் அது போக்ஸோ சட்டத்தின் விஷயம், குற்றம் செய்தவனைக் காப்பாற்ற எந்த ஜமாஅத்தும் முன்னால் நிற்கக் கூடாது.

பெற்று வளர்க்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நம் மாநிலத்தின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஆரம்பித்தது. பெண் குழந்தை விகிதம் குறைந்ததைப் பார்த்து 2011-இல் நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் விரிவாக்கினார்கள். அப்படி விரிவாக்க வேண்டி வந்ததே இந்த மாவட்டத்தில் இருக்கும் எல்லாச் சமுதாயத்துக்கும் வெட்கம்தான். குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைத்தாலும் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் சட்டத்தில் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ தரகர் கேட்டார் என்று கொடுத்துவிடாதீர்கள், அது குழந்தை விற்பனை. பிள்ளையில்லாத உறவினர் எடுத்து வளர்ப்பதாக இருந்தாலும், வம்சப் பெயரை மாற்றாமல், மார்க்கப்படியும் சட்டப்படியும் எழுதிச் செய்யுங்கள்.

பெற்றுக்கொள்ள முடிவு செய்தவள் முதலில் செய்ய வேண்டியது, பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பெயர் பதிவது. மாமியார் வீட்டில் இருந்தாலும் சரி, தாய்வீட்டில் இருந்தாலும் சரி, அங்கேயே பதியலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. சிக்கலான கர்ப்பம் என்றால் திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள், போகத் தயங்காதீர்கள். அங்கே போவது கௌரவக் குறைவு என்று சொல்லித் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பங்களையும் பார்க்கிறேன். வட்டிதான் கௌரவக் குறைவு.

இன்னொரு வழக்கைச் சொல்லி, தாய்மார்களுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். 2023-இல் டெல்லியில் 27 வயதுப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. அதனால் மூன்றாவது கரு தங்கியதே தெரியவில்லை. தெரிந்தபோது ஆறு மாதம் ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய்க்கு அவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. அக்டோபர் 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள், 24 வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, சிசுவுக்குக் குறைபாடும் இல்லை என்று மறுத்து, அரசுச் செலவில் எய்ம்ஸில் பிரசவம் பார்க்க உத்தரவிட்டார்கள்.

'பால் கொடுக்கிற வரை தங்காது' என்று நம் வீடுகளில் நன்னிமார் சொல்வதை நம்பித்தான் நம் பெண்களும் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள், வேறு ஆகாரமே இல்லாமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அது ஓரளவு நம்பத்தகுந்தது. மூன்றில் ஒன்று மாறினாலும் பாதுகாப்பு போய்விட்டது. திண்டிவனத்துப் பெண்ணின் கைப்பிள்ளைக்கு எட்டு மாதம் என்று சொன்னேனே, அவளும் இதைத்தான் நம்பியிருந்தாள். கணவன் மனைவி பொருந்தித் தற்காலிகமாகத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஸஹாபாக்கள் அஸ்ல் செய்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, காப்பர் டி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். பால் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கேட்டால் எது பொருந்தும் என்று டாக்டரே சொல்வார். வெளிநாட்டுக் கணவன் லீவில் வரும் தேதி டிக்கெட் போட்ட அன்றைக்கே தெரியும், அதற்கு முன்னாடி போய்க் கேட்டு வையுங்கள். வீட்டில் சண்டை ஓடிக்கொண்டிருந்தால் அவசியம் கேட்டு வையுங்கள்.

நம் அறக்கட்டளையின் பங்கு இதுதான். விழுப்புரம் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் லுஹருக்குப் பிறகும், திண்டிவனத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையிலும் பெண்கள் இரண்டு பேர் தனி அறையில் இருப்பார்கள். ஆண்கள் யாரும் உள்ளே வரமாட்டோம், நானும் வரமாட்டேன். வருபவர் பெயர் எந்த நோட்டிலும் ஏறாது. கூட வரும் மாமியாரோ தாயாரோ வெளியே டீ குடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான், அந்தப் பெண் முதலில் தனியாகப் பேசட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோச் செலவையும் ஸ்கேன் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கலெக்டர் தலைமையில் நடக்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்கு நாம் திரட்டிக் கொடுக்கும் நன்கொடைக்கு அரசாங்கம் இணை மானியம் தருகிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கு அதிலிருந்து உதவி வாங்கித் தர மனு எழுதிக் கொடுப்பதும் அந்த இரண்டு பேர்தான். வசதியுள்ளவர்கள் வெளியே போகும்போது வலது பக்கம் வைத்திருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதில் விழுவது முழுவதும் இந்தச் செலவுக்கு மட்டும்தான் போகும். கணக்கு அடுத்த இதழில் வரும், இன்ஷா அல்லாஹ்.

ஹஜ்ரத் அவர்கள் துஆ ஓதுவார்கள். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் பெயர் போடாமல் துண்டுத்தாளில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.